குழந்தை எழுதிய புத்தகத்தில் பெரியவர்களுக்கு எத்தனை பக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வயதில் புத்தகம் வெளியிட்ட சிறுமியைப் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். எங்கே வெளியிட்டார்கள், யார் கேடயம் கொடுத்தார்கள், யார் யார் வாழ்த்தினார்கள் எல்லாம் இருந்தது. அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை.

வடசென்னையில் நாங்கள் சில பேர் சேர்ந்து, பிள்ளைகளே எழுதி, படம் போட்டு, மடித்துத் தைக்கும் புத்தகங்களை அச்சிட்டு வருகிறோம். பதிப்பகம் என்றால் கொஞ்சம் பெரிய பேச்சாகிவிடும். ஒரு வாடகை அறை, ஒரு ஸ்கேனர், நீளக் கை வைத்த ஒரு ஸ்டேப்லர், சாயங்காலம் வரும் பிள்ளைகள், அவ்வளவுதான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

'உங்கள் பிள்ளையை எழுத்தாளர் ஆக்குகிறோம்' என்று பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எங்களிடம் வந்த ஒரு அம்மா காட்டிய ரசீதில் ஐ.எஸ்.பி.என். என்கிற, புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்ணுக்கென்றே தனியாக ஒரு தொகை போட்டிருந்தது. இந்தியாவில் அந்த எண் இலவசம், மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, விண்ணப்பித்தால் போதும். சரி, பணம் போனால் போகட்டும், புத்தகத்தையாவது பார்ப்போம் என்று திறந்தால் பள்ளித் தாளாளர் வாழ்த்துரை, பள்ளி முதல்வர் அணிந்துரை, வட்டார அரசியல்வாதி ஆசியுரை, ஆளுக்கொரு படம். எல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளை வாயைத் திறக்கிறது. அந்தக் கதையையும் யாரோ பெரியவர் தேய்த்து மழுமழுவென்று ஆக்கிவைத்திருக்கிறார்.

எங்கள் அறையில் முதல் வேலை தாள் மடிப்பதுதான். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக நடுவில் மடித்தால் 16 பக்கம், மேலட்டைக்கு ஒரு கெட்டித் தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்லர் பின். இப்படி மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். ஆகவே 13 பக்கத்துக்குக் கதை வைத்திருக்கும் பிள்ளை உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்: ஒரு பக்கத்தை வெட்டுவதா, இன்னும் மூன்று பக்கம் வரைவதா? தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு ஓடும் கூட்டத்துக்கு ஒரு பக்கம் போதுமா, விரித்த இரண்டு பக்கமும் வேண்டுமா என்று நடக்கும் சண்டை இருக்கிறதே, எடிட்டிங் என்பதை அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பென்சில் கோடு ஸ்கேனில் மங்கிவிடும், வெளிர் மஞ்சள் காணாமலே போய்விடும் என்பதையும் ஒரு தடவை அச்சில் பார்த்ததும் தெரிந்துகொள்கிறார்கள், அப்புறம் தாங்களாகவே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைத் தேடுகிறார்கள். எழுத்துப் பிழையைக் காட்டுவோம், அவர்களே திருத்துவார்கள். வாக்கியத்தில் கை வைப்பதில்லை.

செலவும் நினைப்பது போல் இல்லை. தாள் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில் மேப்லித்தோ என்கிற வெள்ளை அச்சுத் தாள் வாங்கி, உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர் என்று வைத்துக்கொண்டால் நூறு பிரதி டிஜிட்டல் அச்சில் கட்டுப்படியாகும். ஆஃப்செட் அச்சில் பிளேட், அதாவது அச்சுத் தகடு போடும் செலவு இருப்பதால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் லாபம், அத்தனை பிரதி எங்களுக்குத் தேவையும் இல்லை.

பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர், குழந்தையாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் 'முழு உரிமையும் பதிப்பாளருக்கே' என்று ஓர் ஓரத்தில் இருக்கலாம், படிக்காமல் போட்டுவிடாதீர்கள். எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும் உரிமை அது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் நூறு வருஷத்தைத் தாண்டினாலும் தாண்டும்!

இன்னொரு சட்டமும் இருக்கிறது, 1954 ஆம் ஆண்டினுடையது. வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் இன்னும் மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் எழும்பூர் கன்னிமாரா நூலகம். எழுதியவருக்கு எத்தனை வயது என்று சட்டம் கேட்பதில்லை. 1896-இல் திறந்த கன்னிமாராவுக்குத் தன் புத்தகமும் போகிறது என்று தெரிந்தால் பிள்ளைக்குக் கேடயமெல்லாம் எந்த மூலைக்கு?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் யார் பணம் கட்டினார்கள், உரிமை யாரிடம் இருக்கிறது என்று நிருபர் கேட்டுவிட்டு எழுதட்டும். உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் இந்தப் புத்தகங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள், 'மழலை மணம்' என்று நாலு வார்த்தையில் முடிக்காமல் கதை எங்கே தொய்கிறது, எந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களில் சிலவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாழ்த்துரை எதிலும் கிடையாது.

இப்படிக்கு,
சிறுவர் அச்சுக் குழுவில் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை