பந்தலில் பாதத்துக்கும் ஒரு பெஞ்சு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குச் சோற்றுக்கும் மோருக்கும் குறைவில்லை. 100 கிலோமீட்டருக்கு மேல் ஆளைச் சுமக்கும் பாதத்தைத்தான் பந்தல்களில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பந்தலிலும் ஒரு பெஞ்சு, ஒரு வாளி நல்ல தண்ணீர், சோப்பு, பிளாஸ்திரி வைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கொப்புளம் சூட்டால் வருகிறது என்று நினைக்கிறோம். நடப்பவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி உராய்வால்தான். வியர்வையில் ஊறிய தோல் செருப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் தோலின் அடுக்குகள் பிரிந்து அங்கே நீர் கோக்கிறது. அதற்கு முன்பே குதிகாலிலோ விரலடியிலோ ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் எரியும். அடுத்த பந்தல் வரட்டும் என்று நடந்துவிடுவதுதான் தவறு. அப்போதே உட்கார்ந்து காலைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு துணி பிளாஸ்திரியைச் சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். அதன் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சுருண்டு வராது. நனைந்த காலுறையோடு மறுபடி கிளம்பினால் ஒட்டியது வீண்.

சிறு கொப்புளத்தை உடைக்கவே கூடாது. அந்தத் தோலைவிட நல்ல கட்டு கிடையாது. பெரிதாகி, கால் ஊன்றவே முடியாவிட்டால் மட்டும் நீரை எடுக்கலாம். சேலையில் குத்தியிருந்த ஊக்கைத் தீக்குச்சியில் காட்டிக் குத்துகிறார்கள். கரிதான் உள்ளே போகும். மருந்துக்கடையில் உறை பிரிக்காத ஊசி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, பீட்டாடின் தடவி, கொப்புளத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, சுத்தமான காஸ் துணியால் மெதுவாக அழுத்தினால் நீர் வடியும். மேல்தோலை உரிக்காதீர்கள். வாசலின் தடவி, காஸ் வைத்துக் கட்டி, தினமும் மாற்ற வேண்டும். ரத்தம் கோத்த கொப்புளத்தைத் தொடவே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் எந்தக் கொப்புளத்தையும் தாங்களே குத்தக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குத் தார்ச்சாலை சுடுவதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கும் வேண்டுதலை அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் உடன் வருபவர் அவர்களுடைய உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

சூடு தாங்காமல் மண்ணில் இறங்கினால் சீமைக் கருவேல முள் காத்திருக்கிறது. நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் ஏறிய வாக்கிலேயே இழுக்கலாம். ஒடிந்து உள்ளே தங்கியதைத் தோண்டுவதும், அதன்மேல் எருக்கம்பால் விடுவதும் புண்ணைத்தான் பெரிதாக்கும்; ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதே சரி. கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு வழிப்பதும், புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவதும் வழக்கம். முதல் 48 மணி நேரம் சூடும் தேய்ப்பும் வீக்கத்தை ஏற்றும். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, 4 அங்குலக் கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதற்குமேல் நடக்கவே கூடாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பந்தல் நடத்துபவர்களிடம் இன்னொன்று: பல பேர் கால் வைத்த ஒரே அண்டா வெந்நீரில் உடைந்த கொப்புளத்தை நனைக்க விடாதீர்கள், குவளையால் மொண்டு ஊற்றுங்கள். பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். சாலையோரம் எறிந்தால் அதுவும் வெறுங்காலில்தான் ஏறும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாடிப்பட்டி