கிழக்கு வயலில் உப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

கிழக்கு வயலில் இந்தப் பங்குனியிலும் உப்புப் பூத்துவிட்டது. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் மேலூர்க் கடைமடைவரை வந்து சேரும் ஆண்டில் அது கரைந்து கீழே இறங்கிவிடும். வராத ஆண்டில் போர்வெல் தண்ணீரையே பாய்ச்சி, உப்பின்மேல் உப்பாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். உன் சித்தப்பா ஜிப்சம் போடச் சொல்கிறார். ஜிப்சம் சோடியம் மிகுந்து இறுகிய களருக்குத்தான் மருந்து, உப்பு மட்டும் பூத்த வெறும் உவருக்கு நல்ல தண்ணீர் விட்டு வடிப்பதே வழி என்றால் அவர் கேட்கிறவரா?

முன்பெல்லாம் நீ பேசினால், உப்பைத் தாங்குவதற்காக நீ மரபணு மாற்றி வளர்க்கும் செடிகளைத் தவிர வேறு பேச்சிராது. உப்பு முதலில் வேரைத் தண்ணீர் உறிஞ்ச விடுவதில்லை, பிறகு சோடியம் இலையில் சேர்ந்து நஞ்சாகிறது என்று நீ சொன்னதை டீக்கடையில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! இப்போது 'நன்றாக இருக்கிறேன் அப்பா' என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறாய். வேலை அதிகம் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

2001ஆம் ஆண்டிலேயே புளூம்வால்டு என்ற ஆய்வாளரின் குழுவினர், சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் குமிழியில் தள்ளி அடைக்கும் மரபணுவைத் தக்காளியில் மிகுதியாக வேலை செய்ய வைத்து, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உப்புள்ள நீரில் காய்க்க வைத்தார்கள் என்று நீதானே சொன்னாய்? உப்பு இலையில் தங்கியது, பழத்தில் அவ்வளவாக ஏறவில்லை என்று எவ்வளவு பூரித்துப்போனாய்! அந்தத் தக்காளி இன்றுவரை மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து சேரவில்லை. அவர்களுடைய திறமைக் குறைவு என்று யார் சொல்வார்கள்? உப்பைத் தாங்குவது ஒரே மரபணுவின் வேலையன்று. கண்ணாடிக் கூடத்துத் தொட்டியில் உப்பு ஒரே அளவில் நிற்கும். வயலிலோ போர் பாயும் மூலையில் ஓர் அளவு, வரப்போரம் ஓர் அளவு, பங்குனியில் ஓர் அளவு, ஐப்பசி மழைக்குப் பின் வேறோர் அளவு. தொட்டியில் பிழைத்தது வயலில் படுத்துவிட்டால் அது செய்தவரின் குற்றமாகாது. இதை உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் அடிலெய்டிலேயே, பழங்காலக் கோதுமையிலிருந்து வந்த மரபணு ஒன்றைக் கலப்பு முறையிலேயே மக்ரோனிக் கோதுமைக்குக் கொண்டுவந்து, உப்பு நிலத்தில் 25 விழுக்காடு வரை கூடுதல் மகசூல் கண்டதாக 2012இல் வெளியிட்டார்கள். கலப்பிலேயே இவ்வளவு முடியுமென்றால் மரபணு மாற்றம் எதற்கு என்று நான் கேட்டபோது இரண்டு நாள் என்னுடன் பேசாமல் இருந்தாய். என் கருத்து இன்னும் பெரிதாக மாறவில்லை. ஆனாலும் 2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்திய இரண்டு நெல் வகைகளை அறிவித்து, அவற்றில் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று செய்தி வந்தபோது, பக்கத்து வயல்காரர் செய்தித்தாளுடன் வந்து "உங்கள் மகள் செய்ததா?" என்று கேட்டார். இது நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியது, அவள் செய்வது வேறு என்றேன், சற்றுப் பெருமையாகவே. அந்த வேறு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு என்று மறுபடியும் சொல்கிறேன். இரவு நெடுநேரம் அந்தக் கூடத்தில் இருக்காதே. ஆய்வு நின்றுபோனாலும் செடி நின்றுபோனாலும் இந்த வீட்டில் யாரும் உன்னைக் கணக்குக் கேட்கப் போவதில்லை.

கிழக்கு வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 4க்கு மேல் வந்தால் உவர் நிலம் என்று அட்டையில் அவர்களே எழுதிவிடுவார்கள். அதன்பின் டி.ஆர்.ஒய். 3 நெல் விதைப்பதா, ஒரு போகம் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுவதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதாதே, ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகுமுன் கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா