அல்சூர் அக்காவுக்கு: உங்கள் வீட்டுத் தக்காளி விதை வேண்டும்

அன்புள்ள அக்கா,

உங்கள் வீட்டுத் தக்காளியின் விதை எங்களுக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நேரில் வந்தே கேட்டிருக்கலாம். ஆனால் நல்ல பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் எப்படி வெளியே எடுப்பது என்று உங்களைப் போலவே தயங்குகிறவர்கள் பெங்களூரில் இன்னும் பல பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி உங்கள் பேரைப் போடவில்லை.

ஜெயநகர் மொட்டை மாடியில் பாரம்பரியத் தக்காளி ரகங்களை ருசி பார்க்க நாம் கூடிய அன்று நீங்கள் ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தீர்கள். செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், பிராண்டிவைன், கிரீன் ஜீப்ரா என்று தட்டுக்கு ஒரு சீட்டு. முதல் சுற்றில் உப்புகூடக் கிடையாது, இரண்டாவது சுற்றில் உப்பு மட்டும், நடுவில் வாயை மாற்ற ஒரு பிடி பொரி. எல்லோரும் துண்டு போட்டுத் தின்று, தோல் எப்படி, புளிப்பு எப்படி என்று கன்னடமும் தமிழும் கலந்து வாதாடிக்கொண்டிருந்தோம். உங்கள் எவர்சில்வர் டப்பா மட்டும் நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "இது சும்மா நாட்டுத் தக்காளிப்பா, பேரே கிடையாது. காம்புப் பக்கம் வேற பச்சையா நிக்குது" என்றீர்கள். கிளம்பும்போது வற்புறுத்தித்தான் இரண்டு பழம் வாங்கிக்கொண்டேன். ஒன்றைப் பஸ் ஸ்டாப்பிலேயே தின்றுவிட்டேன்.

அந்தப் பழத்தைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை, காம்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு, பல் பட்டதுமே சாறு கையில் வழிந்துவிட்டது. முதலில் சுள்ளென்று புளிப்பு, அப்புறம் மெதுவாக இனிப்பு, கடைசியில் தக்காளி இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் பச்சை வாசனை. அன்றைக்கு மேசையில் இருந்தவற்றில் செரோக்கி பர்ப்பிளுக்கு மட்டும்தான் இத்தனை ஆழம் இருந்தது, அதற்கும் புளிப்பு கம்மி. பிராண்டிவைன் பார்க்க அழகு, ருசியில் எனக்கு ஒட்டவில்லை. ரசத்துக்கு என்றால் உங்களுடையதை அடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

குறை என்று நீங்கள் சொன்ன அந்தப் பச்சைக்கு வருகிறேன். காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றி ஒரு கரும்பச்சை வட்டம் இருப்பது பழைய ரகங்களின் இயல்பு. வியாபாரத்துக்கு அது தொந்தரவு. காய் முழுக்க ஒரே வெளிர்ப் பச்சையாக இருந்தால் எப்போது பறிப்பது என்று பார்த்ததுமே தெரியும், பழமும் சீராகச் சிவக்கும். அதனால் பல பத்தாண்டுகளாக அந்த வட்டம் இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அப்படித் தேர்ந்தெடுத்ததில் என்ன போயிற்று என்று கண்டுபிடித்தது. காயில் பச்சையத்தை வளர்க்கிற ஒரு மரபணு அந்தச் சீரான ரகங்களில் பழுதாகிக் கிடக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும் செடியில் காயும் வெயிலை வாங்கித் தன் பங்குக்குச் சர்க்கரை சேர்க்கிறது. ஆக, நீங்கள் மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்ன அந்தப் பச்சைக்கு உங்கள் பழத்தின் ருசியில் பங்கு உண்டு. காம்பை ஒட்டிய தோளில் பச்சை தெரிகிற தக்காளியை இனிமேல் யாரிடமும் குறையாகச் சொல்லாதீர்கள்.

பேர் இல்லை என்பதற்கும் எனக்குப் பதில் இருக்கிறது. நீங்கள் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தீர்களே, செரோக்கி பர்ப்பிள், அதற்கும் ஒரு காலத்தில் பேர் கிடையாது. 1990இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து ஜான் கிரீன் என்பவர் கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரருக்குத் தபாலில் கொஞ்சம் விதை அனுப்பினார். ஊதா நிறத் தக்காளி, செரோக்கி மக்களிடமிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள் என்று ஒரு குறிப்பு மட்டும் கூட இருந்தது. லெஹூலியர் வளர்த்துப் பார்த்து, பேர் வைத்து, விதையை மற்றவர்களுக்குக் கொடுத்தார். ஜான் கிரீன் அந்தக் கவரைத் தபாலில் போடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நம் மேசையில் அந்தத் தட்டே இருந்திருக்காது.

கிரீன் ஜீப்ராவின் கதை இன்னும் உங்களுக்குச் சாதகம். டாம் வாக்னர் என்பவர் ரகங்களை இணைத்து உருவாக்கி 1983இல் வெளியிட்டது அது. உங்கள் அம்மா கல்யாணமாகி வந்தபோது ராயக்கோட்டைப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை என்றீர்கள். உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் அது கிரீன் ஜீப்ராவுக்கு ரொம்பவே மூத்தது. பாரம்பரியத் தக்காளி என்று மேசை போட்டுவிட்டு, மூத்த பழம் நாற்காலிக்கு அடியில் இருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் பக்கத்துத் தக்காளிக்கு மதிப்புக் கிடைத்த கதையும் உண்டு. தமிழ்நாட்டில் பி.கே.எம். 1 என்று ஒரு ரகம் பல வருடமாக ஓடுகிறது. பெரியகுளத்தில் இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அதன் மூல ரகம் தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளி. தட்டை உருண்டை, தோளில் பச்சை, கிட்டத்தட்ட உங்கள் பழத்தின் சாயல். எங்கேயோ ஒரு வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் யாரோ விதை எடுத்து வைத்துக்கொண்டே வந்ததால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் கைக்கு அது கிடைத்தது.

ஹைபிரிட் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அக்கா. நம் ஹேசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த அர்க்கா ரக்ஷக் என்ற ஹைபிரிட் இலைச்சுருட்டல், வாடல், இலைக்கருகல் என்ற மூன்று நோயையும் தாங்குகிறது. கோலார் மண்டியில் பெட்டி பெட்டியாக லாரி ஏறி வெளிமாநிலம் வரைக்கும் போக வேண்டிய பழத்துக்கு அந்தத் திடம் வேண்டும். கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம். ஆனால் ஹைபிரிட் பழத்தின் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது, வருஷா வருஷம் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். லாரி ஏறத் தேவையில்லாத, மாடியிலிருந்து இறங்கி நேராகச் சமையல்கட்டுக்குப் போகிற பழத்தை வளர்க்கும் நம் மாதிரி ஆட்கள்தான் உங்கள் ரகத்தைத் தாங்கிப் பிடிக்க முடியும். ராயக்கோட்டைச் சந்தையில் இப்போது குவிவதெல்லாம் ஹைபிரிட்தான் என்று நீங்களே சொன்னீர்கள். ஊரில் அந்த வீடும் இப்போது உங்கள் கையில் இல்லை. யோசித்துப் பாருங்கள், இந்தத் தக்காளி இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்த ஒரே இடம், அல்சூரில் உங்கள் மாடியில் இருக்கிற இரண்டு பெயிண்ட் வாளி. ஒரு கோடையில் நீங்கள் மகள் வீட்டுக்குப் போய் நாலு வாரம் தங்கி, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போனால் அவ்வளவுதான். இதை நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது.

வாளி இரண்டே இரண்டு என்று நீங்கள் கூச்சப்பட்டீர்கள். விதை எடுப்பதற்கு அதுவே ரொம்ப நல்லது. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும். ஆனால் பழைய ரகங்கள் சிலவற்றில் சூலகத்தின் முனை பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே கலப்பு நடக்கலாம். என் மாடியில் காலையில் வயிற்றில் நீலக் கோடு போட்ட ஒரு தேனீ வரும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஙொய்ய் என்று உடம்பை உதறும், மகரந்தம் பொடியாகக் கொட்டும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். ஆனால் ஏழெட்டு ரகம் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிற எனக்கு, அது எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போயிற்று என்று தெரியாது. விதைக்கு வேண்டிய பூங்கொத்துக்கு முன்கூட்டியே சல்லாத் துணிப் பை கட்டிவைக்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரே தக்காளி. அதன் விதை எங்கள் எல்லோருடைய விதையையும்விட சுத்தமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த ஊர் வெயிலும் நமக்கு அனுசரணை. 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், ராத்திரி குளிர்ந்துவிடுகிறது. ராத்திரிச் சூடு இறங்காத சென்னைக் கோடையில் பூ கொட்டிப்போகிற ரகங்கள்கூட இங்கே காய் பிடிக்கின்றன.

இலைச்சுருட்டல் வந்தும் உங்கள் செடி காய்த்தது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை. வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸ் வந்தால் என் செடிகள் அப்படியே குறுகி நின்றுவிடும். உங்கள் ரகத்துக்கு உண்மையிலேயே தாங்கும் சக்தி இருக்கிறதா, அல்லது அந்த ஒரு செடி பிழைத்துக்கொண்டதா? ஒரு மாடியை வைத்து இதைச் சொல்ல முடியாது. அல்சூர், ஜெயநகர், ஜாலஹள்ளி, ஒயிட்ஃபீல்டு என்று நாலு இடத்தில், நாலு விதமான காற்றிலும் தண்ணீரிலும் வளர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். விதை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, விதை எடுக்கும் முறை. உங்கள் அம்மா பழத்தைப் பிழிந்து விறகடுப்புச் சாம்பலில் பிசறி நிழலில் காயவைப்பார் என்றீர்கள். அதை விடாதீர்கள், ஒரு பங்கை அப்படியே செய்யுங்கள். இன்னொரு பங்கை நாங்கள் செய்கிற மாதிரி செய்து பார்க்கலாம். விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு ஜவ்வு இருக்கிறதல்லவா, பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அந்த ஜவ்வோடு வழித்து ஒரு டம்ளரில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடாமல் வலைத்துணி போட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால் புளித்து மேலே வெள்ளையாக ஆடை கட்டும். நாற்றம் கொஞ்சம் வரும், பால்கனியில் வைத்துவிடுங்கள். அப்புறம் டீ வடிகட்டியில் கொட்டி அலசி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, வெயில் நேராகப் படாத இடத்தில் காயவிட வேண்டும். பேப்பரில் காயவைத்தால் ஒட்டிக்கொண்டு வராது. நல்ல திடமான செடியில், நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து எடுங்கள். இலை சுருண்டும் காய்த்த அந்தச் செடியின் விதையைத் தனிக் கவரில் போட்டு, மேலே அதையே எழுதிவிடுங்கள். ஆடிப் பட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, சாம்பல் விதை எத்தனை முளைத்தது, புளிக்கவைத்தது எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பார்க்கப் போகிறோம். சாம்பல் ஜெயித்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

விதையை இப்படிக் கைமாற்றினால் சட்டப் பிரச்சினை வருமா என்று கேட்டீர்கள். வராது. 2001ஆம் வருடத்து பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் 39ஆவது பிரிவு, உழவர் தன் விளைச்சலில் விதை எடுத்து வைப்பதையும் பரிமாறிக்கொள்வதையும் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. இந்த ஊரிலேயே மாடித் தோட்டக்காரர்கள் கூடுகிற 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' நிகழ்ச்சிகளில் விதையும் நாற்றும் கைமாறுவது எத்தனையோ வருட வழக்கம். ஒரு தடவை உங்களை அங்கேயும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அடுத்த கூட்டம் மாசிக் கடைசியில். நாலு பழம் போதும். முதல் நாள் பறித்தால் ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வாரம் அந்தக் குளிரில் இருந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் போன வாசனை முழுக்கத் திரும்பவில்லை என்று 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். கூடையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தட்டின் முன்னால் வைக்கும் சீட்டில் என்ன எழுதுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்ப் பேர் போடலாம், அம்மா பேர் போடலாம், இரண்டும் சேர்த்தும் போடலாம்.

விதைக்கு மாற்றாக உங்களுக்கு மட்டு குள்ளா கத்தரி நாற்று இரண்டு வளர்த்து வைத்திருக்கிறேன், உடுப்பிப் பக்கத்து உருண்டைப் பச்சைக் கத்தரி, கொத்சுக்கு அருமையாக இருக்கும். தக்காளி நாற்று வேண்டுமென்றே தரவில்லை, உங்கள் மாடியில் அந்த ஒரு தக்காளியே இருக்கட்டும். நாற்றுக்கு வாளி மட்டும் தேடி வையுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பஸ் ஸ்டாப்பில் பழம் தின்ற உங்கள் தோட்டத் தோழி