நல்லது நடந்தது, ஏன் நடந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கப் போகும் முன் அன்று நடந்த நல்லதை நினைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் அந்தப் பயிற்சிக்கு உயிரான பாதி கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

மனநோயை ஆராய்வது போலவே மனிதர் நன்றாக வாழ்வது எதனால் என்றும் ஆராய வேண்டும் என்று, 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் நேர்மறை உளவியலை முன்னெடுத்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில்தான் இந்தப் பயிற்சி பேசப்பட்டது. ஒரு வாரம், தினமும் இரவில், நல்லபடியாக நடந்த மூன்றை எழுத வேண்டும். கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. நம் ஊரில் பேசுகிறவர்கள் அந்த ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு ‘நல்லதையே நினை’ என்று மட்டும் சொல்லிப் போய்விடுகிறார்கள்.

நான் கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் மகளிர் குழுக் கூட்டம் ஞாயிறு மதியம் நடக்கும். கரடி நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும். சேமிப்புப் பணத்தை நோட்டில் ஏற்றியதும் ஆளுக்கொரு நல்லது சொல்வோம். தேயிலைக் கொழுந்து பறித்துக் கை காய்த்தவர்களை எழுதச் சொல்ல மனம் வராது. அதனால் வாயால் சொல்வதுதான்.

ஒரு அம்மா ரொம்ப நாள் “எனக்கென்னக்கா நல்லது” என்று தலையசைத்துவிடுவார். யாரும் வற்புறுத்த மாட்டோம். உறைபனி கொட்டிய ஜனவரியில் ஒரு நாள் அவராகவே சொன்னார்: “நேத்து பேத்தி ராத்திரி பூரா இருமாம தூங்கினா.” ஏன் என்று கேட்டோம். யோசித்தார். “கதவுக்குக் கீழ சந்துல பழைய சேலையைச் சுருட்டி வெச்சேன். காத்து உள்ள வரல.” சேலையை ஈரம் படாமல் எப்படிச் சுருட்டுவது என்று அன்று அவரிடம் மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பேத்தி தூங்கினாள் என்பதோடு விட்டிருந்தால் அது அவருக்குத் தானாக வந்த அதிர்ஷ்டமாகவே தெரிந்திருக்கும். ‘ஏன்’ என்று கேட்டதும் அதில் தன் கை இருப்பது அவருக்கே தெரிந்தது. பல நேரம் பதில் இன்னொருவர் பெயராக இருக்கும். தலைவலியோடு எடைக்கு நின்றவளின் இலைச் சாக்கைப் பக்கத்து வரிசையில் கொழுந்து பறிப்பவள் இழுத்து வந்து போட்டிருப்பாள். “மற்ற மனிதர்கள் முக்கியம்” என்று அந்த ஆய்வில் பங்குகொண்ட கிறிஸ்டோபர் பீட்டர்சன் அடிக்கடி சொன்னாராம். எங்கள் கூட்டத்தில் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

இதைச் சொல்லி யார் வாயையும் அடைக்கக் கூடாது. பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023-ல் சிறு விவசாயிகள் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களிடம் போய் ‘நல்லதை நினையுங்கள்’ என்று சொல்வது அநியாயம். கட்டுப்படியாகாத விலைக்கும் ‘ஏன்’ என்று கேட்கத்தான் வேண்டும். அதேபோல, வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி போதாது. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நீலகிரிப் பதிப்பில் வாரம் ஒருமுறை நான்கு வரி இடம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்களுக்கு நடந்த ஒரு நல்லதையும் அது நடந்த காரணத்தையும் எழுதட்டும். காரணம் இல்லாமல் வருவதைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி