ஜி.பி.எஸ். இருக்கிறது, சரி. அதில் போட்ட கோடு சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட செய்தி வந்தால் போதும், அடுத்த சில நாளில் உங்கள் கடிதப் பகுதியில் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்: படகில்தான் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அப்புறம் எப்படி எல்லை தாண்டுகிறார்கள் என்று. கேள்வியில் தப்பில்லை. போனில் மேப் பார்த்து ஊர் ஊராகப் போய்ப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நான் நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜி.பி.எஸ். பிளாட்டர் (படகு நிற்கிற இடத்தை ஸ்கிரீனில் காட்டுகிற பெட்டி), எக்கோ சவுண்டர் (ஆழம் பார்க்கிற கருவி), வயர்லெஸ் எல்லாம் பொருத்தி, பழுது பார்த்துக் கொடுக்கிற ஆள். அதனால் இந்தக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

தாண்டுகிறவர்கள் எல்லோரும் தெரியாமல்தான் தாண்டுகிறார்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. மீன் அந்தப் பக்கம் கிடந்தால் தெரிந்தே போகிறவர்களும் உண்டு. கச்சத்தீவு, ஒப்பந்தம், யார் செய்தது சரி என்பதையெல்லாம் எழுத ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். தாண்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவர்கள் படகில் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. அதில் போட்டு வைத்திருக்கிற எல்லைக் கோடுதான் இடம் மாறிக் கிடக்கிறது.

செயற்கைக்கோள் சொல்வது படகு நிற்கிற இடத்தை மட்டும்தான். எல்லை எங்கே என்று அதற்குத் தெரியாது. விலை உயர்ந்த பெட்டியில் கடல் வரைபடக் கார்டு போட்டிருந்தால் கோடு அதிலேயே வரும். ஆனால் பல படகுகளில் எல்லை என்பது யாரோ கையால் ஏற்றி வைத்த நாலைந்து பாயிண்ட்தான், அதாவது டிகிரி, நிமிடக் கணக்கில் எழுதிய இடங்கள். அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பக்கத்துப் படகு நோட்டிலிருந்து என்பார்கள். அந்தப் படகுக்காரர் இன்னொரு நோட்டைப் பார்த்து எழுதியிருப்பார்.

இந்தப் பாயிண்ட் எல்லாம் ரகசியம் இல்லை, இரண்டு நாட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி இருக்கிறது. 1974 ஜூனில் கையெழுத்தானது ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரைக்குமான கோடு. 1976 மார்ச்சில் போட்டது அதை ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவிலும் இன்னொரு பக்கம் வங்கக் கடலிலும் நீட்டியது. நாகை, காரைக்கால், தரங்கம்பாடி, பழையாறு படகுகளுக்கு முக்கியமாக வேண்டியது இந்த இரண்டாவதில் வங்கக் கடல் பக்கம் போகிற கோடு. அது 10 டிகிரி 5.0 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 3.0 நிமிடம் கிழக்கில் தொடங்குகிறது, 1974 கோடு வந்து முடிகிற அதே இடம். கோடியக்கரையிலிருந்து தென்கிழக்கே பதினாறு கடல் மைல் போல வரும். அடுத்த பாயிண்ட் 10 டிகிரி 5.8 நிமிடம், 80 டிகிரி 5.0 நிமிடம். அதற்கடுத்தது 10 டிகிரி 8.4 நிமிடம், 80 டிகிரி 9.5 நிமிடம்.

அந்த 5.8-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்து நிமிடம், அதோடு ஒரு நிமிடத்தில் பத்தில் எட்டு பங்கு என்று அர்த்தம், அதாவது ஐந்து நிமிடம் 48 விநாடி. நோட்டில் இது 10.05.8 என்று எல்லா இடத்திலும் புள்ளி வைத்து எழுதப்பட்டிருக்கும். இதைப் பார்த்து ஏற்றுகிறவர் பெட்டி டிகிரி, நிமிடம், விநாடி என்ற செட்டிங்கில் இருந்தால் ஐந்து நிமிடம் 8 விநாடி என்று அடித்துவிடுகிறார். பெட்டியும் வாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் எட்டு விநாடி என்பது செல்லுபடியாகிற எண். ஒன்றரை மணி நேரத்தை 1.5 என்று எழுதினால் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று யாராவது படிப்பார்களா? கடலில் படிக்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது? வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். நாற்பது விநாடி தவறினால் 1200 மீட்டருக்கு மேல் போய்விடும். அதுவும் எந்தப் பக்கம்? தெற்கே, அதாவது இலங்கைப் பக்கம். அந்த இடத்தில் 5 நிமிடம் 20 விநாடியில் நிற்கிற டிரைவர் ஸ்கிரீனைப் பார்த்து நாம் நம்ம பக்கம்தான் என்று நிம்மதியாக வலையை இழுத்துக்கொண்டிருப்பார், உண்மையில் எண்ணூறு மீட்டருக்கு மேல் அந்தப் பக்கம் போயிருப்பார். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் கேட்கிற பெட்டி இன்னும் மோசம். 05.8 என்பதை 05.800 என்று போடாமல் 05.008 என்று போட்டுவிட்டால் தவறு ஒன்றரை கிலோமீட்டரை நெருங்கிவிடும்.

1974 ஒப்பந்தத்தின் பாயிண்டுகளில் இந்தச் சிக்கல் பாதி தானாகவே மாட்டிக்கொள்கிறது. அதில் 21.80, 30.70, 22.60 என்றெல்லாம் வருகிறது. எண்பது விநாடி என்று ஒன்று கிடையாது, பெட்டி ஒத்துக்கொள்ளாது, ஏற்றுகிறவர் எங்கேயோ தப்பு என்று நிறுத்திவிடுவார். நம்ம பக்கத்துப் பாயிண்டில் புள்ளிக்குப் பின்னால் ஒற்றை இலக்கம் மட்டும் இருப்பதால் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்தது அலாரம். எல்லைக்கு அலாரம் வைத்திருக்கிறேன், அடித்தால்தானே திரும்ப முடியும் என்று சொல்கிற டிரைவர்கள் நிறைய பேர். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பாயிண்டைச் சுற்றியும் இரண்டு மைல் வட்டம் போட்டு அதற்கு அலாரம் வைத்திருப்பார்கள். பாயிண்ட் பக்கத்தில் போனால் நிச்சயம் அடிக்கும். ஆனால் 80 டிகிரி 9.5 நிமிடத்தில் இருக்கிற பாயிண்டுக்கு அடுத்தது எங்கே இருக்கிறது தெரியுமா? 10 டிகிரி 33 நிமிடம், 80 டிகிரி 46 நிமிடத்தில். இரண்டுக்கும் நடுவே நாற்பத்து மூன்று கடல் மைல், எண்பது கிலோமீட்டர். அந்த இடைவெளியில் ஊர்ப் படகு மொத்தமும் வரிசையாகத் தாண்டிப் போனாலும் பெட்டி ஒரு சத்தம் போடாது. பாயிண்டுகளை வரிசையாகச் சேர்த்து ரூட் ஆக்கினால்தான் ஸ்கிரீனில் கோடு விழும். அதிலும் ஒப்பந்தக் கோட்டையே போடாமல், இரண்டு மூன்று மைல் நம்ம பக்கம் தள்ளி ஒரு கோடு போட்டு அதை எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேட்பவர்கள் கேட்பார்கள், இரண்டு மைல் மீன் போச்சே என்பவர்களும் உண்டு.

செவுள் வலை போடுகிற படகுக்கு இது இன்னும் அவசியம். வலையைக் கடலில் விட்டு, இன்ஜினை நிறுத்தி, அதோடு படகும் மிதந்து போகும், ஆட்கள் படுத்துவிடுவார்கள். நீரோட்டம் மணிக்கு ஒரு மைல் வேகத்தில் இழுத்தால்கூட இரவு ஏழு மணிக்கு விட்ட இடத்துக்கும் ஒரு மணிக்கு எழுந்து பார்க்கிற இடத்துக்கும் ஆறு மைல் வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று பிடித்துவிட்டால் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித்தான் ஓடும், நேராகக் கோட்டை நோக்கி. இதற்கு டிரிஃப்ட் அலாரம் என்று ஒன்று எல்லாப் பெட்டியிலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கிறது, நங்கூர அலாரத்தையே கொஞ்சம் பெரிய வட்டமாக வைத்தாலும் வேலை நடக்கும். பெரும்பாலான படகில் அது அணைத்தே கிடக்கிறது, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதாம்.

ஜூம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழு அங்குல ஸ்கிரீனின் அகலம் பதினைந்து சென்டிமீட்டர்தான். அதில் முப்பது மைல் கடலைக் காட்டினால் ஒரு சென்டிமீட்டருக்குள் நாலு கிலோமீட்டர் அடங்கும். படகு என்று காட்டுகிற அந்தச் சின்ன அம்புக்குறியே இரண்டு கிலோமீட்டரை மூடிக்கொண்டு நிற்கும். கரையும் தெரிய வேண்டும் எல்லையும் தெரிய வேண்டும் என்று அப்படியே வைத்துவிட்டு, கோட்டைத் தொடவில்லை என்று சொன்னால் என்ன சொல்வது! போதாததற்கு, திசைகாட்டி சென்சார் தனியாக இணைக்காத பெட்டியில் அந்த அம்புக்குறி படகின் மூக்கு பார்க்கிற திசையைக் காட்டாது, படகு நகர்கிற திசையைத்தான் காட்டும். நிற்கிற படகில் அது தன் இஷ்டத்துக்குச் சுற்றும். இது தெரியாமல் பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் காசு வாங்குவதில்லை, டீ மட்டும் குடிப்பேன்.

பழைய ஆட்கள் இது எதுவும் இல்லாமல் போய் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார்கள், நாகூர் மினாராவும் வேளாங்கண்ணிக் கோபுரமும் கண்ணில் இருக்கிற தூரத்துக்குள். நம் டெல்டா கரை தட்டை, மலை என்று ஒன்று கிடையாது, பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டினால் பகலிலேயே கரை மங்கிவிடும். அதற்கு அப்பால் நட்சத்திரம், நீரின் நிறம், பாகம் (இரு கை விரித்த நீளம்) கணக்கில் ஆழம். அந்தக் கணக்கை இன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கிற இருபத்தைந்து வயதுப் பையனிடம் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் முகத்துவாரத்தில் மட்டும் பழைய ஆள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கடுவையாற்று வாயில் மணல் திட்டு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் இடம் மாறும், எந்தக் கார்டுக்கும் அது தெரியாது. போன வருஷம் போன தடத்தை ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே இந்த வருஷமும் படகை விட்டால் திட்டில் ஏற்றிவிட்டு அலைக்கு நடுவே நிற்க வேண்டியதுதான்.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு தொடர்பு கொள்ளும் கருவி) இலவசமாகப் பொருத்துவதாக அறிவித்தார்கள், அதில் எல்லை எச்சரிக்கையும் வரும், கரையோடு இரண்டு பக்கமும் செய்தி அனுப்பலாம். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் டிரைவர் ராத்திரி முழுக்க முகம் பார்ப்பது பழைய பிளாட்டரைத்தான், வலைப் பாயிண்ட், பார் (கடலடிப் பாறை), மூழ்கிய கப்பல் கிடக்கிற இடம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புதுப் பெட்டி ஒன்று சொல்லி, பழைய பெட்டி வேறொன்று சொன்னால் அவர் பழையதைத்தான் நம்புவார்.

இந்தப் புள்ளிக் குழப்பம் எல்லையோடு நின்றாலும் பரவாயில்லை. ஆள் கடலில் விழுந்துவிட்டால் வயர்லெஸில் பொசிஷன் சொல்கிறார்கள், "நாற்பத்தைந்து ஐம்பது" என்று. அது நாற்பத்தைந்தரை நிமிடமா, நாற்பத்தைந்து நிமிடம் ஐம்பது விநாடியா? இரண்டுக்கும் அறுநூறு மீட்டர் வித்தியாசம். இருட்டில், அலையில், தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரிகிற ஆளை அறுநூறு மீட்டர் தள்ளி நின்று தேடினால் கிடைக்க மாட்டார். "நாற்பத்தைந்து பாயிண்ட் ஐந்து பூஜ்ஜியம் நிமிடம்" என்று முழுசாகச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கடலோரக் காவல் படைக்கு 1554-ல் போன் போட்டாலும், வயர்லெஸ் சானல் 16-ல் கூப்பிட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும். ஆள் விழுந்த உடனே பெட்டியில் அதற்கென்று இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்தால் இடம் பதிவாகிவிடும், அந்தப் பட்டன் எது என்று படகில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். நான் தொட்ட எந்தப் பெட்டியிலும் தமிழ் மெனு பார்த்ததில்லை. விற்கிறவர் ஆன் செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில், டிரைவரெல்லாம் ஊரில். அப்போது படகுகளின் நீளம், இன்ஜின், பதிவு எல்லாம் ஆய்வு செய்ய மீன்வளத் துறை அதிகாரிகள் வரத்தான் செய்கிறார்கள். அதே நாளில் பெட்டியையும் ஆன் செய்து, டேட்டம் (இடத்தைக் கணக்கிட பெட்டி எடுத்துக்கொள்கிற அடிப்படை அளவு) டபிள்யூ.ஜி.எஸ். 84-ல் இருக்கிறதா (வேறு எதிலாவது இருந்தால் நூறு இருநூறு மீட்டர் சும்மாவே போய்விடும்), பொசிஷன் செட்டிங் நிமிடமும் தசமப் புள்ளியுமாக இருக்கிறதா, எல்லைப் பாயிண்ட் ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்துவிடலாம். ஒரு படகுக்கு அரை மணி நேர வேலை. எல்லாப் படகுக்கும் ஒரே செட்டிங் என்று ஆகிவிட்டால் நோட்டு பார்த்து எழுதினாலும் தப்பு வராது. எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் கூட நின்று செய்து கொடுக்கத் தயார்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். "கோடியக்கரைக்குத் தென்கிழக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது" என்றுதான் செய்தி வருகிறது. பிடிபட்ட இடத்தின் டிகிரியும் நிமிடமும் உங்களுக்குக் கிடைத்தால் அதையும் போடுங்கள், புள்ளியைப் புள்ளியாகவே வைத்து, விநாடியாக மாற்றாமல். எல்லைப் பாயிண்டுகளை ஒரு நாள் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது, வெட்டி எடுத்து வீல் ஹவுஸில் (டிரைவர் நிற்கிற அறையில்) ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.