அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விடுமுறை இணைப்பில், கேம்பிங் போகும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ட்ரெயில் மிக்ஸ் (நடைபோகும்போது கொறிக்கக் கொட்டை, விதை, உலர்பழம் எல்லாம் கலந்த தீனி) செய்து கொடுப்பது பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. கடை பாக்கெட்டை விட வீட்டில் கலப்பதே மேல் என்று எழுதியிருந்தீர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தலைப்புக்குக் கீழேயே ‘எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் பகீரென்றது.

4 வயது நிரம்பாத பிள்ளைக்கு முழு பாதாம், முழு வேர்க்கடலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள், சில நாடுகளில் 5 வயது வரைக்கும் வேண்டாம் என்கிறார்கள். அந்த வயதில் கடைவாயில் அரைத்துத் தின்கிற பழக்கம் சரியாக வந்திருக்காது, மூச்சுக்குழாயும் குறுகல், கடலை போய் அடைத்துக்கொண்டால் காட்டுக்குள் யாரைக் கூப்பிடுவது? பெரிய பிள்ளைகளும்கூட உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். நடந்துகொண்டே கொறிப்பதற்கென்று பெயர் வைத்த ஒன்றை நின்று, உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்வது வேடிக்கைதான், ஆனால் ஓடும்போதும் சிரிக்கும்போதும்தான் புரையேறுகிறது.

நான் முதல் தடவை செய்ததைச் சொல்கிறேன், உங்கள் குறிப்பில் இருந்த மாதிரியேதான் செய்தேன். ஒரு பெரிய டப்பாவில் பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, கார்ன்ஃப்ளேக்ஸ், சாக்லேட் துண்டு எல்லாவற்றையும் கொட்டிக் குலுக்கி, பெருமையாகப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் திறந்தால் உள்ளே ஒரே உருண்டை. சாக்லேட் 34 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், நம் உடம்புச் சூடே 37, வெயிலில் கிடந்த பைக்குள் அது என்ன பாடுபட்டிருக்கும்! கார்ன்ஃப்ளேக்ஸ் நமுத்துப்போய்த் தோல் மாதிரி இழுபட்டது. உலர்திராட்சை என்று பெயர்தானே தவிர அதற்குள் ஈரம் இருக்கிறது, மொறுமொறுவென்று இருப்பதோடு சேர்த்து மூடி வைத்தால் அந்த ஈரத்தை மொறுமொறுப்பு உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனிக் கவரில் கொண்டுபோய், தின்னும்போது கலந்தால் போதும்.

இதைவிட மோசம், நாலு பிள்ளைகளும் ஒரே டப்பாவுக்குள் கைவிட்டதுதான். அப்போதுதான் மண்ணில் புழுவைத் தேடிக்கொண்டிருந்த கைகள். சாக்லேட்டை மட்டும் நோண்டி எடுத்துவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள், மறுநாள் காலையில் டப்பாவின் அடியில் பழுப்புப் பூசிய பாதாம் மட்டும் கிடந்தது.

அப்புறம் அடுத்த தடவை வேறு மாதிரி செய்தேன். மேஜையில் கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஜிப் கவரைக் கொடுத்து, அவர்களையே கலக்கச் சொன்னேன். கொட்டை இரண்டு பிடி, பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் சேர்ந்து ஒரு பிடி, உலர்பழம் ஒரு பிடி, கடைசியாக ஒரு பிடி உன் இஷ்டம், அவ்வளவுதான் சட்டம். வீட்டில் பூசணி விதையைக் கண்டாலே முகம் சுளிக்கிற என் ஆறு வயது மகள், தன் கவரில் பெயர் எழுதி ஒட்டி, அண்ணனிடம் மூன்று விதைக்கு ஒரு திராட்சை என்று பேரம் பேசி மாற்றிக்கொண்டிருந்தாள். கவரும் காலியானது. தானே போட்டது என்றால் தின்கிறார்கள், இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை.

அளவு பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி, உலர்திராட்சையில் 300. கால் கப் தின்றாலே பிள்ளைக்கு நிறைய, அளவில்லாமல் விட்டால் ராத்திரி சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். நாளுக்கு ஒரு சின்னக் கவர் என்று பிரித்துவிடுங்கள். கொட்டைகளை வெறும் வாணலியில் வறுத்தால் நன்றாக ஆறவிட்டுத்தான் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து எல்லாம் பாழ். வால்நட் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், போடுவதற்கு முன் ஒன்றைக் கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் நானும் தப்பு செய்தவள்தான். கூட வந்த பிள்ளை ஒருத்திக்கு வேர்க்கடலை ஆகாது என்பது கிளம்புகிற அன்று காலையில்தான் தெரிந்தது. கடலையை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாது, தூள் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அத்தனை கவரையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம், மகள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். எல்லா அம்மா அப்பாவிடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், கொட்டையே இல்லாமல் விதை, வறுத்த கொண்டைக்கடலை, உலர்பழம் வைத்தும் செய்யலாம், ஆனால் விதை வாங்கும் பாக்கெட்டில் ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எள்ளும் சிலருக்கு ஆகாது.

ராத்திரி மிச்சக் கவரைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், எலியும் அணிலும் துணியைக் கடித்துக்கொண்டு உள்ளே வரும், கரடி நடமாடும் இடமென்றால் சொல்லவே வேண்டாம். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சாக்லேட்டும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம்.

மற்றதையெல்லாம் இடமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ‘எல்லா வயதுக் குழந்தைகளுக்கும்’ என்ற அந்த வரிக்கு மட்டும் அடுத்த வாரமே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா