பாட்டுக்கு ஒரு பிறந்த தேதி வேண்டாமா?

பழைய அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பதிவுகளின் உரிமையை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும், அவற்றை இணையத்தில் ஒலிக்கவிட்டு எங்களிடம் மாதச் சந்தா வாங்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டின் கீழும் அது எந்த நாளில், எந்த ஸ்டூடியோவில் பதிவானது, யார் யார் வாசித்தார்கள், பிறகு யாராவது அதில் கைவைத்தார்களா என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.

கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று இறந்தார். அப்போது வயது 29. ஆனால் உங்கள் செயலிகளில் அவருடைய பாட்டைத் திறந்தால் 2009, 2015 என்று ஏதாவதொரு வருஷம் போட்டிருக்கும். அது கடைசியாக வந்த தொகுப்பின் வருஷம் என்று எனக்குத் தெரியும். முதன்முதலாக அவரைக் கேட்க வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

சரி, தேதி தப்பாக இருந்தால் என்ன, பாட்டு பாட்டுதானே என்பீர்கள். பாட்டே வேறாக இருக்கிறது, அதுதான் சிக்கல். பாடகி பாட்ஸி க்ளைனின் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டைத் தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது 1956 நவம்பரில் பதிவானது. அடுத்த ஜனவரியில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அவர் அதைப் பாடிய பிறகு நாடெங்கும் பரவியது. இரண்டாவது 1961-இல் ஓர் எல்.பி.க்காக அவரே மறுபடி பாடியது.

முதலாவதில் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிட்டார் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கூட வரும். ஹாங்க் வில்லியம்ஸின் எத்தனையோ பாட்டுகளில் அழுத கிட்டாரும் இவருடையதுதான். 1961-இல் அந்த இடத்துக்கு ஜோர்டனேர்ஸ் குழுவின் ஆண் குரல்கள் வந்துவிட்டன. பாட்ஸியின் குரலும் இதற்குள் முதிர்ந்து விரிந்துவிட்டது. என் ஓட்டு முதலாவதுக்கு. இரண்டாவதுதான் உசத்தி என்பவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன், ஏனென்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் எப்படி வாதாடுவது? உங்களில் ஒரு நிறுவனத்துக்கு இதைப் பற்றி விளக்கமாக எழுதினேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது!

பாடகர் ஜானி கேஷ் விஷயமும் இதேதான். 'ஐ வாக் தி லைன்' 1956-இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் பதிவானது. டிரம்ஸ் கிடையாது. கேஷ் தன் கிட்டாரின் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகி, அந்தக் கரகரப்பையே தாளமாக்கிக்கொண்டார். மெதுவான பாட்டாகத்தான் அவர் நினைத்திருந்தார். வேகமாகப் பாடச் சொன்னது ஸ்டூடியோ உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேஷ் லேசாக முனகிச் சுருதியைப் பிடித்துக்கொள்வார். கவனித்துக் கேளுங்கள், அந்த முனகல்தான் பாட்டின் உயிர். கொலம்பியா நிறுவனத்துக்கு மாறி, குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆளும் சேர்ந்த பிறகு, 1964-இல் அதையே மறுபடி பாடினார். இரண்டுக்கும் நடுவே எட்டு வருஷம். உங்கள் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து ஒரே பெயரில் நிற்கின்றன.

பிறகு சேர்த்த ஒலியே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். பாட்ஸியின் 'க்ரேஸி' பாட்டே அப்படி உருவானதுதான். 1961 ஜூனில் கார் விபத்தில் படுகாயப்பட்டவர், ஆகஸ்டில் ஸ்டூடியோவுக்கு வந்தார். விலா எலும்பு வலியில் உச்ச சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. அன்று வாத்தியங்களை மட்டும் முடித்துவைத்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு வந்து, அதன்மேல் அவர் குரலைப் பதிந்தார். வில்லி நெல்சன் எழுதிய அந்தப் பாட்டை அவரைவிட நன்றாக இன்றுவரை யாரும் பாடவில்லை என்பது என் கட்சி.

ஆனால் பாடியவர் இல்லாதபோது மற்றவர்கள் கைவைப்பது வேறு கதை. ஹாங்க் போன பிறகு, 1960-களில் அவருடைய இசைத்தட்டு நிறுவனமான எம்.ஜி.எம். அவர் பதிவுகள்மேல் வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது. 1981-இல் வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1963-இல் ஒரு விமான விபத்தில் பாட்ஸியும், 1964-இல் இன்னொரு விமான விபத்தில் பாடகர் ஜிம் ரீவ்ஸும் இறந்தார்கள். இருவரும் சேர்ந்து பாடிப் பதிவு செய்ததே இல்லை. அவரவர் நாடாவிலிருந்து குரலைப் பிரித்தெடுத்து, புது வாத்தியங்களைச் சேர்த்து, ஒரு ஜோடிப் பாட்டு செய்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு வளர்ந்த வீடுகள் நம் பக்கம் நிறையவே உண்டு. அங்கே இதைப் போட்டால் இருவரும் ஒரே மைக் முன்னால் நின்று பாடியதாகத்தான் நினைப்பார்கள். நினைக்காமலிருக்க நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களா?

ஜானி கேஷ் கைதிகள் முன்னால் பாடிய ஃபோல்சம் சிறைக் கச்சேரியையும் விட்டுவைக்கவில்லை. 1968 ஜனவரி 13 அன்று பதிவான அந்த இசைத்தட்டில், சும்மா ஓர் ஆளைச் சுட்டேன் என்று கேஷ் பாடும் வரிக்குக் கைதிகள் ஓவென்று கத்துவார்கள். அந்த ஆரவாரம் பின்னால் ஒட்டப்பட்டது. சிறைக் காவலர்களை வைத்துக்கொண்டு எந்தக் கைதி அந்த வரிக்குக் கத்துவான்?

அப்புறம் வாசித்தவர்களின் பெயர். பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' 1961-இல் வந்தது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஓவன் பிராட்லியின் ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தபோது, மிக்ஸரில் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்பதுபோல உறுமியது. யோசித்துப் பார்த்து அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்த உறுமலை வேண்டும்போது வரவழைக்க ஒரு சர்க்யூட் செய்தார். அதிலிருந்து வந்த ஃபஸ் பெடலைத்தான் 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் மிதித்தார். ராக் இசையின் ஒரு பெரிய சத்தமே அங்கேதான் பிறந்தது. அந்தப் பாட்டின் கீழே கிரேடி மார்ட்டின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஃப்ளாய்ட் க்ரேமர், ஹாங்க் கார்லண்ட், பட்டி ஹார்மன் என்று அந்த ஊரில் ஒரு கூட்டமே காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்குமாக வாசித்துத் தள்ளியது. நாஷ்வில் ஒலி என்று நீங்கள் பெயர்வைத்து விற்பது அவர்கள் கைவேலை.

விவரம் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாசித்தவர்களுக்குச் சங்க விதிப்படி கூலி கொடுத்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு அமர்வுக்கும் பெயரும் தேதியும் போட்டுக் காகிதம் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியில் பேர் ஃபேமிலி என்ற சிறிய நிறுவனம் பல வருஷங்களாக இந்த விவரங்களைத் தேடி எடுத்து, தன் பெட்டித் தொகுப்புகளோடு புத்தகமாகவே அச்சிட்டுத் தருகிறது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. மறுபடி பாடியது, பிறகு ஒலி சேர்த்தது என்ற இரண்டு குறிகளை முதலில் போடுங்கள். அடுத்து, தப்பு இருந்தால் ரசிகர்கள் எழுதித் திருத்த ஒரு வழி வையுங்கள். எழுதினால் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்கட்டும். ஹாங்க் 1951-இல் ஒரு மாவு நிறுவனத்துக்காக டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் காலை நேரத்தில் பாடிய நிகழ்ச்சிகளின் தட்டுகளை அந்த நிலையம் குப்பையில் போட்டது. கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற வானொலி இசை நிகழ்ச்சியின் புகைப்படக்காரர் ஒருவர் அவற்றை எடுத்து வைத்தார். அதை வெளியிடும் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் வரை போய், வாரிசுகளுக்கே என்று தீர்ப்பாகி, 2008-இல்தான் அவை இசைத்தட்டாக வரத் தொடங்கின. அவர் எடுத்து வைக்காவிட்டால் உங்களுக்கு விற்கவும் சரக்கு இருந்திருக்காது. அந்த மாதிரி ஆட்கள் இப்போதும் இருக்கிறார்கள். கூலி கேட்க மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்